ஒரே அடி வைக்கும் எழுத்துகள்: பழைய டைப்ரைட்டர் எழுத்துருக்களை இனங்காண்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் பழைய தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தால், சேலைகளுக்கு அடியில் டைப் அடித்த தாள்கள் சில கட்டாயம் கிடக்கும். தோட்ட ஆபீஸ் கடிதம், பிரஜாவுரிமைக்காகக் கொடுத்த சத்தியக்கடதாசியின் கார்பன் பிரதி, தொழிற்சங்கத்துக்கு அனுப்பிய முறைப்பாடு, ஊழியர் சேமலாப நிதி பற்றிய பதில். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு “இது எந்த மெஷினில் அடித்தது?” என்று கேட்கும் இளைஞர்கள் அண்மைக் காலமாகக் கூடியிருக்கிறார்கள். குடும்ப வரலாறு தேடுபவர்கள் சிலர், பழைய டைப்ரைட்டர் வாங்கிச் சேர்ப்பவர்கள் சிலர். தாள் முதலில் காட்டிக்கொடுப்பது எழுத்துருவைத்தான். எழுத்துருவைப் பிடித்துக்கொண்டு மெஷினிடம் போய்ச் சேருவது பலரும் நினைப்பதைவிடச் சுற்றுவழி.

மெஷின் செய்த கம்பனிகள் பலவும் எழுத்தைத் தாமே செய்யவில்லை என்பது முதல் காரணம். பெர்லினில் இருந்த ரன்ஸ்மேயர் அண்ட் ரோட்ரியன் போன்ற, டைப்ரைட்டர் எழுத்துகளையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்தின. ஓர்டர் கொடுக்கும்போது எந்த எழுத்துரு வேண்டும் என்று சொல்லிவிடலாம். அதற்கென்று மாதிரிப் புத்தகங்கள் இருந்தன. ஆகவே ஒரே எழுத்துரு நான்கு கம்பனிகளின் மெஷின்களில் வரும். அடுத்தடுத்து வெளிவந்த ஒரே மொடல் மெஷின்கள் இரண்டில் இரண்டு விதமான எழுத்து இருக்கும். முகப்பில் பொன் எழுத்தில் ‘ரெமிங்டன்’ என்றோ ‘இம்பீரியல்’ என்றோ எழுதியிருப்பதைப் பார்த்து எழுத்துருவுக்குப் பெயர் வைப்பது, கடிதவுறையைப் பார்த்துக் கடிதத்தை ஊகிக்கிற வேலை.

அடியும் அகலமும்

எல்லாம் உருளை வைக்கும் அடியிலிருந்து தொடங்குகிறது. விசையை அழுத்தினால் எழுத்துக் கம்பி எழுந்து ரிப்பன்மீது அடிக்கும். ரப்பர் உருளையைத் தாங்கிய வண்டியைச் சுருள்வில் ஒன்று எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் பற்சட்டம் ஒரு பல் மட்டும் விடுகிறது. அந்த ஒரு பல்தான் ஓர் எழுத்துக்கு உரிய இடம். அழுத்தப்பட்டது எந்த எழுத்து என்பது பற்சட்டத்துக்குத் தெரியாது. ஆங்கிலத்தின் ஒல்லி ‘ஐ’க்கும் அகன்ற ‘எம்’முக்கும் கிடைப்பது ஒரே அகலம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் காம்பரா கணக்குத்தான்: உள்ளே இரண்டு பேரோ எட்டுப் பேரோ, 10க்கு 12 அடி.

அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஐ ஒல்லியான ஈயத்துண்டில் இருக்கும், எம் தடித்த துண்டில் இருக்கும். டைப்ரைட்டருக்கு எழுத்து வரைந்தவர்களுக்கோ, ஒல்லி எழுத்தை அகலப்படுத்தி, அகன்ற எழுத்தைச் சுருக்கி, இரண்டும் அருகருகே நின்றால் கண்ணை உறுத்தாமல் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் சிறிய ஐயின் காலடியில் அத்தனை நீளமான பட்டை. சிறிய எல் ஒரு பலகைமேல் நிற்பதுபோல் நிற்கிறது. எம்மின் மூன்று கால்களும் நெருங்கி, பட்டைகள் குறுகி, சில உருக்களில் நடுக்கால் தரையைத் தொடாமலே தொங்குகிறது. ‘டபிள்யூ’வின் நடுக்கூர் முழு உயரம் போகிறதா, பாதியிலே நிற்கிறதா என்று பாருங்கள். வரைந்தவரின் சாமர்த்தியம் இந்த நெருக்கடியான எழுத்துகளில்தான் வெளிப்படும். ‘ஓ’, ‘என்’ போன்ற நடுத்தர எழுத்துகளை யாரும் அழகாக வரைந்துவிடலாம்.

கோடுகள் ஏறக்குறைய ஒரே தடிப்பில் இருப்பதற்கும் காரணம் உண்டு. உருக்கு எழுத்து நேரடியாகத் தாளில் படுவதில்லை. இடையில் மை ஊறிய துணி இருக்கிறது. தலைமயிர் போன்ற மெல்லிய கோடு வைத்தால் அது தாளை வெட்டும். தடித்த கோட்டுக்கு அருகே சிறிய இடைவெளி வைத்தால் மை அதை அடைத்துவிடும். ஆகவே நடுத்தரத் தடிப்பு, திறந்த வயிறு, மழுங்கிய முனை. எழுத்தின் முகத்தை உற்றுப் பார்த்தால் அது தட்டையாக இல்லை என்பதும் தெரியும்: உருளையின் வளைவுக்குப் பொருந்தும்படி லேசாகக் குழிந்திருக்கும்.

எனவே இனங்காணும் வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வடிவத்தைப் பற்றியதே அல்ல. அடி, அதாவது ஓர் எழுத்துக்கு உருளை நகரும் தூரம், எவ்வளவு? இதற்கு மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று போதும். ஒரு வரியில் இடைவெளிகளையும் சேர்த்து 50 எழுத்துகளை எண்ணி, அந்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 127 மில்லிமீட்டர் வந்தால் அங்குலத்துக்கு 10 எழுத்து. அதைப் பைக்கா என்பார்கள். ஏறக்குறைய 106 வந்தால் அங்குலத்துக்கு 12, அது எலீட். ஆங்கிலேய, அமெரிக்க மெஷின்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் விழுந்துவிடும். ஐரோப்பியக் கண்டத்து மெஷின்களோ மில்லிமீட்டர் கணக்கில் செய்யப்பட்டவை. அடி 2.6 மில்லிமீட்டர் என்றால் 50 எழுத்துக்கு 130 வரும், 2.3 என்றால் 115. ஐந்தாறு எழுத்தை மட்டும் அளந்தால் 2.54க்கும் 2.6க்கும் உள்ள வேறுபாடு தென்படாது. ஐம்பதை அளந்தால் மூன்று மில்லிமீட்டராகக் கண்முன்னே நிற்கும். மூலத் தாளையே அளக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். போட்டோகொப்பியும் கைபேசிப் படமும் அளவைச் சற்று மாற்றிவிடும்.

பைக்கா, எலீட் இரண்டையும் எழுத்துருக்களின் பெயர்களாகப் பலர் வழங்குகிறார்கள். பேச்சுக்கு அது சரி; அடையாளத்துக்குப் போதாது. பைக்கா அடியில் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல முகங்கள் உண்டு. அங்குலத்துக்கு 12 என்ற அடியில் வரும் பட்டையே இல்லாத சதுர எழுத்தும் ஒருவருக்கு எலீட்தான், பழைய பட்டை எழுத்தும் எலீட்தான். அடி என்பது ஊர். எழுத்துரு அதற்குள் ஒரு வீடு.

அடியைத் தெரிவுசெய்ததில் சிக்கனமும் கலந்திருந்தது. ஆறு அங்குல வரியில் பைக்கா 60 எழுத்துப் போடும், எலீட் 72 போடும். இரண்டு புல்ஸ்கேப் தாளில் முடிகிற விடயம் ஒன்றே முக்காலுக்குள் முடிந்துவிடும். ஆனால் நாலாவது கார்பன் பிரதியை எடுத்துப் பாருங்கள். எலீட்டின் சிறிய ‘ஈ’யும் ‘ஏ’யும் வயிறு அடைபட்டுக் கரும்புள்ளிகளாகக் கிடக்கும். பல பிரதி வேண்டிய ஆபீஸ்களுக்குப் பைக்கா, கடிதம் எழுதுகிற தனி ஆளுக்கு எலீட் என்று ஒரு வழக்கம் உருவானதற்கு இதுவும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது. என் கையில் சேர்ந்த தோட்டக் கடிதங்களில் பைக்காவே மிகுதி.

எதைப் பார்ப்பது

அடி தெரிந்தபின் வடிவத்துக்கு வரலாம். எல்லா எழுத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. சிறிய ‘ஜி’ எடுத்த எடுப்பிலேயே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்: கீழே கொக்கி மட்டுமா, மூக்குக்கண்ணாடிபோல் இரண்டு வளையமா? அடுத்து ‘வை’யின் வால் நேராகச் சரிகிறதா, சுருள்கிறதா? ‘டி’யின் (t) கால் எவ்வளவு தூரம் வலப்பக்கம் போகிறது? பிறகு இலக்கங்கள். நாலின் தலை மூடியதா, திறந்ததா. மூன்றின் மேற்பகுதி உருண்டையா, தட்டையா. ஆறு, ஒன்பதின் வால் உட்பக்கம் சுருண்டு மூடுகிறதா, விரிந்து நிற்கிறதா. இலக்கங்களைப் பலர் கவனிப்பதில்லை. தோட்டத்துத் தாள்களிலோ இலக்கம்தானே அதிகம்!

ஒன்று என்ற இலக்கம் பல மெஷின்களில் கிடையவே கிடையாது. சிறிய ‘எல்’ எழுத்தையே ஒன்றாக அடித்தார்கள். ‘1951’ என்ற ஆண்டின் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும், பக்கத்துச் சொல்லில் வரும் எல்லும் அச்சாக ஒன்றுபோல் இருந்தால் விசைப்பலகையில் ஒன்று இல்லை என்று பொருள். ஆச்சரியக்குறியும் அப்படியே: மேற்கோள் குறி ஒன்றை அடித்து, ஒரு அடி பின்வாங்கி, அதன் கீழே முற்றுப்புள்ளி வைப்பார்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் விழாமல் புள்ளி சற்றே விலகியிருந்தால் அது கைவேலை.

குறிகள் மெஷின் எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதையும் சொல்லும். இலங்கையில் 1872இலிருந்து ரூபாயும் சதமும்தான் நாணயம். இருந்தும் இங்கே புழங்கிய மெஷின்கள் பலவற்றில் பவுண் குறி இருக்கிறது, ஏனென்றால் அவை பிரித்தானியச் சந்தைக்கான விசைப்பலகையோடு வந்து இறங்கியவை. அரை, கால், முக்கால் குறிகளுக்கு இங்கே வேலை நிறையவே இருந்தது. கொழுந்தும் தேயிலையும் றாத்தலில் நிறுக்கப்பட்ட காலம் அது. 1970களில் மெட்ரிக் முறை வந்தபின் அந்த விசைகள் சும்மா கிடந்தன. சும்மா கிடந்ததால் தேயவில்லை. இன்றும் பழைய மெஷின் ஒன்றில் எழுத்துரு புதிதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்பினால், முக்கால் குறியை அடித்துப் பாருங்கள்.

டைப்ரைட்டரில் அடித்த எதைப் பார்த்தாலும் ‘கூரியர்’ என்று சொல்லிவிடும் பழக்கம் கம்ப்யூட்டரால் வந்தது. கூரியர், ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் 1950களின் நடுப்பகுதியில் வரைந்தது. ஐபிஎம் அதைத் தனியுரிமையாகப் பூட்டி வைக்காததால் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அது எங்கும் பரவி, கடைசியில் கம்ப்யூட்டரிலும் வந்து குடியேறியது. 1938ஆம் ஆண்டுக் கடிதத்தில் கூரியர் இருக்க வழியில்லை. திருமண அழைப்பிதழ்களிலும் கடைப் பலகைகளிலும் பழைமைத் தோற்றத்துக்காகப் போடப்படும் ‘அமெரிக்கன் டைப்ரைட்டர்’ என்ற எழுத்துரு இன்னும் வேடிக்கையானது. 1974இல் வந்த அதில் ஐ ஒல்லி, எம் அகலம். எந்தப் பற்சட்டத்திலும் அது நடந்ததில்லை.

பெரும்பாலான தாள்களில் காண்பது பட்டை வைத்த, நேராக நிற்கும் வகைதான். அதற்கு வெளியே சில வகைகள் அரிதாகக் கண்ணில் படும். 1930களில் ராயல் கம்பனியின் கையடக்க மெஷின்களில் வந்த ‘வோக்’, பட்டையே இல்லாமல் வட்டமும் கோடுமாக, அந்தக் காலத்துச் சினிமாக் கொட்டகை முகப்புபோல் இருக்கும். பின்னாளில் மூலைகளை உருட்டிய சதுர எழுத்துகளும் வந்தன. நேரில் பார்த்தால் அறுபதுகளின் வானொலிப் பெட்டி ஞாபகம் வரும், படிக்கச் சுகம் என்று சொல்லமாட்டேன். பேச்சுக் குறிப்பு அடிப்பதற்கென்று அங்குலத்துக்கு 6 எழுத்து மட்டும் போடும் பெரிய எழுத்தும் இருந்தது.

கைக்கடிதம்போல் சாய்ந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும் எழுத்துருவைத்தான் சேகரிப்போர் விரட்டி விரட்டித் தேடுகிறார்கள், விலையும் அதற்குத்தான். எனக்கு அதன் சர்க்கரைச் சுவை ஒத்துவராது. ஆனால் தொழில்நுட்பத்தில் அதைவிடக் கடினமானது வேறில்லை. ஓர் எழுத்தின் வால் முடியும் இடத்தில் அடுத்ததன் தலை தொடங்க வேண்டும். பற்சட்டம் மயிரிழை தேய்ந்தாலும், எழுத்துக் கம்பி ஒன்று லேசாக வளைந்தாலும் இணைப்பு அறுந்து தெரிந்துவிடும். பட்டை எழுத்தில் அந்தக் குறை பத்து வருடம் ஒளிந்திருக்கும்.

தேய்மானம் எது, வடிவம் எது

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுகிற இடம் இது. அடைபட்ட ‘ஈ’, பாதி விழுந்த ‘என்’, வரிக்கு மேலே துள்ளி நிற்கும் பெரிய எழுத்துகள் ஆகிய மூன்றும் எழுத்துருவின் குணங்கள் அல்ல. முதலாவது அழுக்கு. இரண்டாவது கம்பி சாய்ந்ததால் வந்தது. மூன்றாவது, பெரிய எழுத்துக்காக உருளையையோ கம்பிக் கூடையையோ நகர்த்தும் விசையின் ஒழுங்கு குலைந்ததால் வந்தது. மூன்றையும் மனதில் கழித்துவிட்டே வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஒரே எழுத்து பக்கம் முழுவதும் ஒரே மாதிரிக் கோணலாக வந்தால் அது அந்த மெஷினின் கைரேகை. அடுத்த தாள் அதே மெஷினில் அடித்ததுதானா என்று அறிய அது உதவும், எழுத்துருவை அறிய உதவாது.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரம் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. மூடி வைத்த மெஷினிலும் கம்பிகளின் மூட்டுகளில் துரு ஏறும். கம்பி தயங்கி எழும்போது அடி மெலிந்து, மெல்லிய எழுத்துரு என்று எண்ணத் தோன்றும். ரப்பர் உருளை வயதாகி இறுகிப்போவதோ எதிர்த்திசையில் ஏமாற்றும்: கூர்மையாக விழும், புள்ளி தாளைத் துளைக்கும். முற்றுப்புள்ளியின் பரப்புக் கடுகளவு. முழு அடியும் அந்தக் கடுகில் இறங்குகிறது. பழைய கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தை விரல்நுனியால் தடவினால் புள்ளிகள் முள்ளாகக் குத்தும். வேகமாக அடிக்கப் பழகிய கிளாக்கர்கள் புள்ளியை மட்டும் மென்மையாகத் தொடுவார்கள், அவர்கள் தாளின் பின்பக்கம் வழுவழுப்பாக இருக்கும்.

என் பெரியப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் பெட்டியிலிருந்து வந்த இரண்டு தாள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, அவர் இன்ன வருடத்திலிருந்து வேலையில் இருக்கிறார் என்று தோட்ட ஆபீஸ் கொடுத்த கடிதம். மற்றது 1951 நடுப்பகுதியில், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளான ஆகஸ்ட் 5 நெருங்கியபோது, டவுனில் பெட்டிசம் எழுதுபவரிடம் அடித்த சத்தியக்கடதாசியின் பிரதி. முதல் தாளில் 50 எழுத்து 127 மில்லிமீட்டர். கொக்கி வைத்த ஜி, மூடிய நாலு, எம்மின் நடுக்கூர் பாதியில் நிற்கிறது. வரிகள் நேர், பின்பக்கம் வழுவழுப்பு. இரண்டாவது தாள் 106: எலீட். பெரிய எழுத்துகள் எல்லாம் வரிக்கு மேலே ஏறியிருக்கின்றன, ஷிப்ட் விசை களைத்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்தால் இன்னொன்று தெரிகிறது: சிறிய எச் மட்டும் மற்ற எழுத்துகளைவிடத் தடிப்பு, அதன் பட்டைகள் அடுத்த எழுத்தை இடிக்கின்றன. அது அந்த மெஷினோடு பிறந்த எழுத்தல்ல. உடைந்த எழுத்துக்குப் பதில், கழித்துப்போட்ட பைக்கா மெஷின் ஒன்றிலிருந்து கழற்றி ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து மாறியது, பற்சட்டம் மாறவில்லை. அங்குலத்துக்கு 10 என்று அளவெடுத்த எச், அங்குலத்துக்கு 12 என்ற இடத்தில் உட்கார்ந்து தவிக்கிறது.

இப்படிப்பட்ட ஒட்டு எழுத்துகளை மலையகத்துத் தாள்களில் அடிக்கடி காணலாம். உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் மெஷின் திருத்துபவர் வேறென்ன செய்வார்? இனங்காணும்போது ஓர் எழுத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

ரோனியோத் தாள்கள் தனி இனம். சங்கச் சுற்றறிக்கை, பாடசாலை வினாத்தாள் எல்லாம் மெழுகுத் தாளில் அடித்து உருட்டியவை. மெழுகுத் தாளுக்கு ரிப்பனை விலக்கிவிட்டு, உருக்கு எழுத்தையே நேரடியாக இறக்குவார்கள். ஆகவே சாதாரணக் கடிதத்தைவிட எழுத்தின் உண்மை வடிவம் அங்கே கூர்மையாக இருக்கும். ஒரு தொல்லை: ‘ஓ’வைப் பலமாக அடித்தால் நடுவட்டம் மெழுகிலிருந்து கழன்று விழுந்து, கருவட்டமாக அச்சேறும்.

தமிழ் மெஷின்

தோட்ட நிர்வாகம் ஆங்கிலத்தில் நடந்தது. 1956க்குப் பிறகு அரசாங்கக் கடிதங்கள் சிங்களத்தில் வரத் தொடங்கின. தமிழில் டைப் அடித்த தாள் பெட்டியில் கிடைத்தால் அது பெரும்பாலும் சங்கத்திலிருந்தோ, சங்கத்துக்குப் போனதாகவோ இருக்கும். எண்ணிக்கையில் குறைவு, கவனிக்க வேண்டியது அதிகம்.

தமிழ் விசைப்பலகையை ஒழுங்குபடுத்தியவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நவ்மன் கம்பனியைக் கொண்டு மெஷினைச் செய்வித்தார். ‘பிஜோ’ என்ற பெயரில் வந்தது. 247 எழுத்துகளை ஆங்கில மெஷினின் நாற்பதுக்கும் மேற்பட்ட விசைகளுக்குள் அடக்க வேண்டும். அவர் கண்ட வழிகளில் இரண்டை ஒவ்வொரு தமிழ்த் தாளிலும் கண்ணால் காணலாம்.

ஒன்று, நகரா விசை. புள்ளியை அழுத்தினால் புள்ளி விழும், உருளை நகராது. அதன்பின் மெய்யை அடித்தால் அதே இடத்தில் புள்ளிக்குக் கீழே வந்து விழும். புள்ளிக்கு ஒரே ஓர் இடம்தான். அச்சகத்தில் கோத்த தமிழில் புள்ளி எழுத்துக்கு எழுத்து இடம் மாறி உட்காரும். டைப் அடித்த ‘ட்’டைப் பாருங்கள்: செங்குத்துக் கோடு இடப்பக்கம் நிற்க, புள்ளி வெட்டவெளிக்கு மேலே மிதக்கிறது. ‘ண்’ணிலோ நெருக்கியடித்துக்கொண்டு எழுத்தின் முதுகைத் தொடுகிறது. புள்ளி எந்த உயரத்தில், எவ்வளவு பருமனில் இருக்கிறது என்பது தமிழ் எழுத்துருக்களைப் பிரித்தறிய நான் முதலில் பார்க்கும் குறி.

மற்றது ஷிப்ட். ஆங்கிலத்தில் ஷிப்ட் பெரிய எழுத்தைத் தரும். தமிழில் பெரிய எழுத்து இல்லையே. அந்த இடத்தில் உகரத்தை வைத்தார்கள். க இருக்கும் உலோகத் துண்டின் மேற்பாதியில் கு, ம இருக்கும் துண்டில் மு. விசைப்பலகையின் நடுவரிசையில் யளனகப என்று விரல் பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஷிப்ட் களைத்த மெஷினில் அடித்த தமிழ்த் தாள் எப்படித் தெரியும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்: ஆங்கிலத்தில் வாக்கியத் தொடக்கங்கள் மட்டும் துள்ளும், தமிழில் வரி முழுக்க குவும் துவும் முவும் துள்ளிக்கொண்டிருக்கும்.

ஒரே அடி என்ற சட்டம் தமிழை ஆங்கிலத்தைவிடக் கடுமையாகப் பிழிந்தது. ஆங்கிலத்தில் மிக அகன்றது எம்மும் டபிள்யூவும்தான். தமிழில் ண, ஞ, ஐ, கூட்டுச் சுழிகள் என்று அகலமானவை நிறைய. ஒல்லியானவை ரவும் துணைக்காலும்தான். ‘அண்ணன்’ என்று அடித்தால் சுழிகள் முட்டிக்கொள்ளும், ‘ராராரா’ என்று அடித்தால் காற்று வீசும். நல்ல தமிழ் எழுத்துருவில் ணவின் சுழிகளை முட்டையாக நெருக்கி, ரவின் காலைச் சற்றுச் சரித்து அந்த வெற்றிடத்தை நிரப்பியிருப்பார்கள். ஔ என்பதை ஒவும் ளவுமாக இரண்டு அடியில் அடிப்பது வழக்கம். ள சிறுத்திருக்காது, முழு அளவில் இருக்கும். இந்த நெருக்கடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபின் அந்த எழுத்து அசிங்கம் என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அச்சுத் தமிழின் அழகை அதனிடம் தேடுவது நியாயமில்லை.

முத்தையாவின் விசை ஒழுங்கு மெஷினோடு முடிந்துவிடவில்லை. இலங்கையில் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் பழகிய தலைமுறையின் விரல்கள் தொட்டது ஏறக்குறைய அதே ஒழுங்கைத்தான். புள்ளியை மட்டும் எழுத்துக்குப் பின்னால் அடித்தார்கள். கம்ப்யூட்டருக்கு நகரா விசை வேண்டியதில்லை.

மாதிரித் தாள் எடுத்தல்

மெஷினே கையில் இருந்தால் தாளைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை, மாதிரி எடுத்துவிடலாம். முதலில் எழுத்துகளைச் சுத்தம் செய்யுங்கள்: பழைய பல்துலக்கி, சிறிது ஸ்பிரிட். ஸ்பிரிட் மெஷினின் பெயின்டில் பட்டால் பெயின்ட் போய்விடும், கீழே துணி விரியுங்கள். சுத்தம் செய்யும்போதே உலோகத் துண்டில் இரண்டு எழுத்துகளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிலவற்றில் அங்கே நுண்ணிய குறியோ எண்ணோ இருக்கும். எழுத்தைச் செய்தவரை நோக்கிப் போகும் மிக உறுதியான தடயம் அதுவே.

பிறகு ரிப்பனை மெழுகுத் தாளுக்கான நிலைக்கு விலக்கிவிட்டு, வெள்ளைத் தாளின் முன்னே புதிய கார்பன் தாளை, மை பூசிய பக்கம் வெள்ளைத் தாளைத் தொடும்படி வைத்து உருளையில் ஏற்றுங்கள். பின்னால் இன்னொரு தாள் வைத்தால் இறுகிய உருளையின் கடுமை குறையும். ரிப்பன் துணியின் நெசவு இல்லாமல் எழுத்தின் விளிம்பு அப்படியே இறங்கும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, இலக்கம், குறிகள், 50 எழுத்து கொண்ட ஓர் அளவு வரி, ஐயும் எம்மும் மாறிமாறி வரும் ஒரு வரி. தமிழ் மெஷின் என்றால் ட், ண், ஞ், ரா, ணு கட்டாயம். தாளின் மூலையில் மெஷினின் பெயர், தொடர் எண், அது எந்தத் தோட்டத்திலோ டவுனிலோ புழங்கியது என்ற விவரம் மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். தொடர் எண் மெஷினின் வயதைச் சொல்லும், எழுத்துருவின் வயதைச் சொல்லாது. ஒட்டு எழுத்து இருந்தால் அதையும் குறித்துவிடுங்கள்.

சாதாரண மாதிரிக்கு ரிப்பன் வேண்டுமென்றால் அரை அங்குல ரிப்பன் இன்றும் தயாராகிறது. சுருள் பொருந்தாவிட்டால் கவலையில்லை, பழைய மெஷினின் சுருளிலேயே கையால் சுற்றிக்கொள்ளலாம். விரல் இரண்டு நாளைக்குக் கறுப்பாக இருக்கும்.